நகத்தால் தட்டிப் பார்த்த போன்: ஐபோன் 5சி ஒரு நிகழ்வு ஆய்வு

2013 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. மறுநாள் தீபாவளி. அன்றுதான் ஆப்பிளின் இரண்டு புதிய போன்கள் இந்தியக் கடைகளுக்கு வந்தன. ஐபோன் 5எஸ் 53,500 ரூபாய். ஐபோன் 5சி 41,900 ரூபாய். இரண்டுமே 16 ஜிபி. 'மலிவு ஐபோன் வரப்போகிறது, வரப்போகிறது' என்று பல மாதங்களாகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியது இந்த இரண்டாவது போனைப் பற்றித்தான்.

மதுரையில் போன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த வாரத்தைப் பற்றி இப்போதும் சொல்வார். வருகிறவர்கள் 5சி-யைக் கையில் வாங்குவார்கள். பச்சை, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று வரிசையாக நிறங்களைப் பார்த்ததும் முகம் மலரும். அப்புறம் போனைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் நகத்தால் ஒரு தட்டு. "அண்ணே, பிளாஸ்டிக்கா இது?" அடுத்த கேள்வி விலை. சொன்னதும் போன் மெதுவாக மேசைக்குத் திரும்பிவிடும். நகத்தால் தட்டிய ஆள் ஒருத்தர்கூட வாங்கியதில்லை என்பது அவருடைய கணக்கு.

உயர்விலைக்குப் பெயர்போன ஒரு நிறுவனம் குறைந்த விலையில் போனும் லேப்டாப்பும் விற்கலாமா? இந்தக் கேள்வியை எடுத்தாலே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். இறங்கினால் பெயர் கெடும் என்பது ஒரு கட்சி. இறங்காவிட்டால் சந்தை கைவிட்டுப் போகும் என்பது இன்னொரு கட்சி. 5சி விஷயத்தில் பெயரும் கெடவில்லை, சந்தையும் பிடிபடவில்லை. இரண்டு கட்சிக்கும் பிடிகொடுக்காத கேஸ் என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக இறங்கலாம். ஆனால் அப்படிப்பட்ட நிறுவனத்தில் குறைந்த விலைக்கு வாங்க வருகிறவர் மலிவுப் பொருள் தேடி வரவில்லை. அந்த நிறுவனத்தின் நல்ல பொருளைத் தன்னால் கொடுக்க முடிந்த விலையில் வாங்க வருகிறார். அவர் கையில் 'இது உங்களுக்காகத் தனியாகச் செய்த மட்டமான ரகம்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார். 5சி அதைத்தான் செய்தது, அதுவும் ஐந்து நிறங்களில்.

அப்போதைய நெருக்கடி

2012 செப்டம்பரில் 700 டாலரைத் தொட்ட ஆப்பிள் பங்கு, 2013 ஏப்ரலில் 400-க்கும் கீழே போனது. மொத்த லாப விகிதம் ஒரே நிதியாண்டில் 43.9 சதவீதத்திலிருந்து 37.6-க்கு இறங்கியது. சீனாவில் ஷாவ்மி அந்த ஜூலையில் 799 யுவானுக்கு ரெட்மியையும், செப்டம்பரில் 1,999 யுவானுக்கு எம்ஐ 3-ஐயும் அறிவித்தது. வளர்கிற சந்தையெல்லாம் ஆண்ட்ராய்டு கைக்குப் போகிறது, ஆப்பிளும் 300, 400 டாலருக்கு ஒரு போன் விட வேண்டும் என்று பங்குச்சந்தை ஆய்வாளர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆப்பிளிடம் குறைந்த விலைப் போன் அதற்கு முன் இல்லாமல் இல்லை. 2009-இல் 3ஜிஎஸ் வந்தபோது பழைய 3ஜி-யை நிறுத்தாமல், தொலைபேசி நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தோடு 99 டாலருக்கு இறக்கினார்கள். அதிலிருந்து அதுவே வழக்கமானது. புதியது வந்தால் போன வருடத்தது 100 டாலர் குறையும். இந்த வழக்கப்படி 2013-இல் ஐபோன் 5 நூறு டாலர் குறைந்து, ஒப்பந்தம் இல்லாத விலையில் 549 டாலருக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரே வருடத்தில் ஐபோன் 5-ஐ நிறுத்திவிட்டு, அதன் உள்ளுறுப்புகளைப் பிளாஸ்டிக் உடலில் போட்டு, அதே 549 டாலர் விலைக்கு 5சி என்று விற்றார்கள்.

மொத்த விஷயமும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. ஐபோன் 5-இன் அலுமினிய உடலையும் அதன் சீவிய ஓரங்களையும் செய்வது பெரிய வேலை. பிளாஸ்டிக் அந்தச் செலவைக் குறைக்கும். இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐபோன் 5-ஐயும் 5எஸ்-ஐயும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கண்டுபிடிக்கச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் 5எஸ்-க்கு 649 டாலர் கொடுக்க வேண்டியவர் 549-க்கு நழுவிவிடுவார். நடுவில் ஒரு வேலி வேண்டும், தூரத்திலிருந்தே தெரிகிற வேலி. பிளாஸ்டிக்கும் பளிச் நிறங்களும் அந்த வேலி.

போனைக் கையில் எடுத்தால்

தனியாகப் பார்த்தால் 5சி நல்ல போன். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து ஒரே துண்டு. எங்கும் இணைப்புக் கோடு கிடையாது. உள்ளே எஃகுச் சட்டம், அதுவே ஆன்டெனாவாகவும் வேலை செய்தது. மற்ற பிளாஸ்டிக் போன்களைப் போலக் கையில் நெகிழவோ கிறீச்சிடவோ செய்யாது. அறிமுகக் காணொளியில் வடிவமைப்புத் தலைவர் ஜோனி ஐவ், பிளாஸ்டிக்காக இருப்பதற்கு இந்தப் போன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை என்ற பொருளில் பேசினார்.

ஆனால் 5எஸ் 112 கிராம், 5சி 132 கிராம். பணம் குறைவாகக் கொடுத்தவர் 20 கிராம் கூடச் சுமந்தார். கைரேகை உணரி கிடையாது. உள்ளே இருக்கும் சில்லு (சிப்) போன வருடத்து ஏ6. இதற்கென்று 29 டாலருக்கு ஆப்பிளே ஒரு உறை விற்றது. முதுகு முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை போட்ட உறை. போனின் முதுகில் இருக்கும் 'ஐபோன்' என்ற ஆங்கில எழுத்துகள் அந்த ஓட்டைகள் வழியே தலையும் வாலும் வெட்டுப்பட்டு எட்டிப் பார்க்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மண்டையை உடைத்துக்கொள்ளும் நிறுவனம் இதை எப்படி வெளியே விட்டது என்று அப்போது சிரிக்காத ஆள் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் போனுக்கு இவ்வளவு கவனம் போதும் என்று உள்ளே யாரோ நினைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

என்ன நடந்தது

அறிவிப்பு வந்த மறுநாளே பங்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சீன விலை 4,488 யுவான் என்று தெரிந்ததுதான் காரணம். எம்ஐ 3-இன் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மலிவு போன் விற்பது எங்கள் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று ஆப்பிளின் அன்றைய தலைமை நிர்வாகி டிம் குக் ஒரு பேட்டியில் சொன்னார். நல்ல போன் விற்பதே நோக்கம், அதைக் குறைந்த செலவில் செய்ய ஒரு வழி கிடைத்தது என்பது அவர் விளக்கம். சரி, அப்படியென்றால் பார்ப்பதற்கு ஏன் மலிவாகச் செய்தீர்கள் என்பதுதான் நகத்தால் தட்டியவர்களின் கேள்வி.

முதல் வார இறுதியில் இரண்டு போன்களும் சேர்ந்து 90 லட்சம் விற்றன. எது எத்தனை என்று ஆப்பிள் பிரித்துச் சொல்லவில்லை. கடைகளில் தங்க நிற 5எஸ் கிடைக்காமல் அலைந்தார்கள். 5சி கேட்டவுடன் கிடைத்தது. 2014 ஜனவரியில் குக் ஒப்புக்கொண்டார்: 5எஸ் பக்கம் நாங்கள் நினைத்ததைவிடத் தேவை சாய்ந்துவிட்டது, அதற்கேற்ப உற்பத்தியை மாற்றக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்தக் காலாண்டில் 5 கோடியே 10 லட்சம் ஐபோன்கள் விற்றன. அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஆனாலும் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று பங்கு மறுபடி விழுந்தது.

5சி-யே ஒரு தூண்டில்தான், ஆட்களை 5எஸ் பக்கம் தள்ளுவதுதான் திட்டம் என்று பின்னாளில் ஒரு வாதம் கிளம்பியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திட்டம் அதுவென்றால் 5எஸ்-ஐ முன்கூட்டியே நிறையச் செய்து அடுக்கியிருப்பார்களே! பற்றாக்குறை வந்தது 5எஸ்-க்குத்தானே? வேலியைத் தேவைக்கு மேல் உயரமாகக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாங்கியவர்களுக்கு உண்மையான அடி பிறகு விழுந்தது. ஏ6 சில்லு 32 பிட் என்ற பழைய ரகம், 5எஸ்-இன் ஏ7 சில்லு 64 பிட் என்ற புது ரகம். 2017-இல் ஐபோனை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் போன்களைக் கைகழுவினார்கள். 5சி அங்கேயே நின்றது. ஒரே நாளில் விற்பனைக்கு வந்த 5எஸ், ஐஓஎஸ் 12 வரை ஓடியது. பழைய போனை விற்றுத்தான் புதுப் போன் வாங்குகிற நம் ஊர்க்காரருக்கு இது சின்ன விஷயம் கிடையாது. அன்று மிச்சம் பிடித்த 11,600 ரூபாயில் ஒரு பகுதி, விற்கும்போது வேறு வழியில் கழிந்துவிட்டது.

(பின்னாளில் 5சி உலகத் தலைப்புச் செய்தியானது, ஆனால் விற்பனையால் இல்லை. 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, சுட்டவர் வைத்திருந்த போனைத் திறந்து கொடு என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆப்பிளோடு வழக்காடியதே, அந்தப் போன் ஒரு 5சி.)

அதே நிறுவனம், அடுத்த முயற்சி

2016 மார்ச்சில் ஐபோன் எஸ்இ வந்தது. 399 டாலர். 5சி-யைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போன்ற போன். 5சி பழைய உள்ளுறுப்புக்குப் புதுச் சட்டை. எஸ்இ பழைய 5எஸ் சட்டைக்குள் அப்போதைய உச்சப் போனான 6எஸ்-இன் ஏ9 சில்லு. 5எஸ் உறையே அதற்குப் பொருந்தும். அச்சும் எந்திரமும் ஏற்கனவே போட்ட முதல். நகத்தால் தட்டினால் அலுமினியம். நான்கு அங்குலப் போன்களே 2015-இல் 3 கோடி விற்றிருக்கின்றன என்று அறிமுக மேடையில் சொன்னார்கள். சின்னப் போன் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கலாம். காசில்லாமல் வாங்கினேன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்இ என்ற பெயர் மேலும் இரண்டு தலைமுறைக்கு நீடித்தது, 5சி-க்கு இரண்டாவது பிறவியே கிடையாது.

ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடும் (iPod) இதையே முன்பு காட்டியிருக்கிறது. 2001-இல் 399 டாலருக்குத் தொடங்கியது, 2004-இல் 249 டாலர் மினியாகவும் 2005-இல் 99 டாலர் ஷஃபிளாகவும் கீழே வந்தது. ஷஃபிளில் திரைகூட இல்லை. பெரிய ஐபாடின் ஏழைத் தம்பி என்று யாரும் அதைப் பார்க்கவில்லை. ஓடும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வேறொரு பொருளாகப் பார்த்தார்கள்.

கெட்டுப்போன வழியும் ஆப்பிளிடமே உண்டு. 1990 அக்டோபரில் 999 டாலருக்கு மேகின்டோஷ் கிளாசிக் கணினி, 1992 முதல் பெரிய பல்பொருள் கடைகளில் பெர்ஃபார்மா என்ற கணினி வரிசை. எந்த எண் எந்த மாடல் என்று விற்பவருக்கே தெரியாத அளவுக்கு ரகங்கள் பெருகின. 1997 நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். விலையைக் குறைத்ததுதான் அதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. போட்டிக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 95 இருந்தது, ஆப்பிளிடம் பழசாகிப்போன மென்பொருள் இருந்தது. ஆனால் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த ரகக் குவியலை அள்ளி வெளியே போட்டது.

மலிவு மாடலால் நிறுவனம் செத்ததற்கு பிளாக்பெரியை உதாரணம் காட்டுவார்கள். கோட்டும் டையும் போட்டவர்கள் வைத்திருந்த போன், கர்வ் 8520 வந்ததும் கல்லூரிப் பையன்கள் கைக்கு வந்தது உண்மை. 2009-இல் இந்தியாவில் அதன் விலை 16 ஆயிரத்துக்குள். ஆனால் பிளாக்பெரி படுத்ததற்குக் காரணம் தொடுதிரையிலும் ஆப்களிலும் பின்தங்கியது. கர்வ் செய்த கெடுதல் வேறு மாதிரியானது. சந்தாதாரர் எண்ணிக்கையை 2012 வரை 8 கோடி பக்கம் ஏற்றிக்கொண்டே போய், உள்ளே இருந்த நோயை வெளியே தெரியாமல் மறைத்தது.

இந்தியக் கணக்கு

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 5சி-யின் 'நூறு டாலர் குறைவு' என்பது அமெரிக்காவில் ஒரு மாதிரி, இங்கே வேறு மாதிரி. அங்கே இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் 5எஸ் 199, 5சி 99. மீதியைத் தொலைபேசி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு ரூபாயும் நம் சட்டைப் பையிலிருந்து. 42 ஆயிரம் கொடுக்கத் துணிந்தவர், இன்னும் 11 ஆயிரத்தைப் புரட்டி நல்லதையே வாங்கிவிடுவார். 42 ஆயிரம் இல்லாதவருக்கு 2014 பிப்ரவரியில் 12,499-க்கு மோட்டோ ஜி வந்துவிட்டது. நடுவில் நின்ற 5சி-க்கு இங்கே ஆளே இல்லை.

இந்தியாவில் மலிவு ஐபோனின் வேலையைச் செய்தவை வேறு இரண்டு. ஒன்று, இஎம்ஐ. 2013 தொடக்கத்திலேயே சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ரெடிங்டன் போன்ற விநியோகஸ்தர்கள் மூலம் தவணைத் திட்டங்களும் பழைய போன் மாற்றுச் சலுகைகளும் முழுப்பக்க விளம்பரங்களாக வந்தன. இன்னொன்று, பழைய மாடல். 2014 தொடக்கத்தில் ஐபோன் 4-ஐயே ஏறத்தாழ 23 ஆயிரத்துக்கு மறுபடி இறக்கினார்கள். அது தப்பாட்டம். ஐஓஎஸ் 7-ஐ ஓட்டவே திணறிய போன் அது. ஆனால் 2015 இறுதியில் 5எஸ் 25 ஆயிரம் பக்கம் வந்தபோது கதை மாறியது. இரண்டு வருடத்துக்கு முன் 53,500-க்கு ஏங்க வைத்த அதே போன், அதே தங்க நிறம். எங்கள் தெருவில் முதல் ஐபோன் என்பது பலருக்கு அதுதான். அவர்கள் யாரும் மலிவுப் போன் வாங்கியதாக நினைக்கவில்லை. போன் கையில் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

புதுப்பிக்கப்பட்ட பழைய ஐபோன்களை இறக்குமதி செய்து விற்க ஆப்பிள் கேட்டதை 2016-இல் மத்திய அரசு மறுத்தது. கதவு அப்படி மூடியதும் உள்ளூர் உற்பத்தி வழி திறந்தது. 2017-இல் பெங்களூரில் முதலில் பொருத்தப்பட்டது இதே எஸ்இ. பிறகு ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா சிட்டி என்று தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே செய்தும் விலை குறையவில்லையே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016-இல் எஸ்இ 399 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் 27 ஆயிரம் ரூபாய்கூட வராது, இங்கே 39,000-க்கு விற்றார்கள். 2025 பிப்ரவரியில் எஸ்இ-யின் இடத்துக்கு வந்த ஐபோன் 16இ 599 டாலர், அதாவது 52 ஆயிரம் ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 61 ஆயிரத்தைத் தாண்டும். இங்கே விலை 59,900. இடைவெளி மூடிவிட்டது. ஆனால் ஆப்பிளின் அடித்தட்டு விலையே 399-லிருந்து 599-க்கு ஏறிவிட்டதால் கடையில் நிற்பவருக்கு அது தெரியவில்லை.

லேப்டாப் பக்கம்

2008 அக்டோபரில், நெட்புக் என்ற குட்டி மலிவு லேப்டாப்புகள் சக்கைப்போடு போட்ட காலத்தில், 500 டாலருக்குக் குப்பையாக இல்லாத கணினி செய்ய எங்களுக்குத் தெரியாது என்று ஜாப்ஸ் சொன்னார். சொன்னபடியே அப்படியொரு கணினியைச் செய்யவும் இல்லை. 2010-இல் அதே 500 டாலர் விலைக்கு ஐபேட் (iPad) என்ற கைக்கணினியைக் கொண்டுவந்தார். ஷஃபிள் போன வழி: மலிவு ரகம் இல்லை, வேறொரு பொருள்.

பழைய நல்ல பொருளை விலை குறைத்து விற்கும் 5எஸ் வழி லேப்டாப்பில் நடந்தது 2024 மார்ச்சில். 2020-இல் 999 டாலருக்கு வந்த எம்1 மேக்புக் ஏரை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் வால்மார்ட்டில் அது 699 டாலருக்குக் கிடைத்தது. இங்கே 92,900-க்கு அறிமுகமானது, பண்டிகைத் தள்ளுபடியில் 60 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கையில் இன்று பார்க்கும் மேக்புக்குகளில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். புதிய மலிவு மாடலுக்குப் பிளாஸ்டிக் உடல் வார்க்காமல், நான்கு வருடத்துக்கு முன் எல்லோரும் மெச்சிய பொருளை வேறு வாசல் வழியாக விற்றார்கள். தன் கடையின் விலைப்பலகையில் அந்த எண் தெரியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கீழே இறங்குவதில் இன்று இருக்கும் லாபம் 2013-இல் இல்லை. அன்று ஐடியூன்ஸ், மென்பொருள், சேவைகள் எல்லாம் சேர்த்து ஆப்பிளுக்கு வருடம் 1,600 கோடி டாலர். 2024 நிதியாண்டில் சேவை வருமானம் மட்டும் 9,600 கோடி டாலருக்கு மேல், அதில் லாப விகிதம் 74 சதவீதம் பக்கம். பொருட்களில் 37. பழைய போன் வாங்கியவரும் படங்களைச் சேமித்து வைக்கும் ஐகிளவுட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்.

2013-இல் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் ஐபோன் 5-ஐ நிறுத்தியிருக்க மாட்டேன். 5எஸ்-இலிருந்து நூறு டாலருக்குச் சிலர் நழுவியிருப்பார்கள், லாபம் கொஞ்சம் கரைந்திருக்கும். அந்த ஐந்து நிறங்களை 5எஸ்-க்கே கொடுத்திருப்பேன். 2018-இல் ஐபோன் எக்ஸ்ஆருக்கு ஆப்பிள் நிறங்களைக் கொடுத்தபோது, கூடவே அந்த வருடத்து உச்சச் சில்லான ஏ12-ஐயும் கொடுத்தது. அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தத் தொடங்கிய போனும் அதுதான்.

போன தடவை மதுரைக் கடைக்குப் போனபோது கண்ணாடி மேசையில் 16இ-யும் ஐபோன் 15-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தள்ளுபடியெல்லாம் போனால் இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. புதிய சில்லு, அதிக நாள் வரப்போகும் அப்டேட் எல்லாம் 16இ பக்கம். நண்பர் அதைத்தான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்திருந்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டையும் எடுத்துத் திருப்பிக் குப்புற வைத்தான். ஒன்றில் ஒரு கேமரா, இன்னொன்றில் இரண்டு.

"அண்ணே, 15-ஐயே போட்டிருங்க."